முதலில் யாரை உள்ளே அழைப்பது? தம்பதி, குடும்ப உறவை மதிப்பிடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்துப் பணியில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒன்பது வயதுப் பையன் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று ஒரு குடும்பம் அவரிடம் வந்திருந்தது. வெளி நாற்காலிகளில் நான்கு பேர்: பையன், அவன் அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்ற பாட்டி. பாட்டி ஒருவரே பேசுகிறார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பாவின் கண் கைபேசியில். இவர் கையில் இருப்பதோ நாற்பத்தைந்து நிமிடம். "எல்லோரையும் சேர்த்து அழைப்பதா, ஒவ்வொருவராக அழைப்பதா, இல்லை வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வதா? எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள். எதை முதலில் எடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை."

வேறு வேறு சொற்களில் இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் ஆலோசனைக்குப் போக நினைக்கும் தம்பதியரும் உண்டு. "அங்கே போனால் எங்களை என்ன செய்வார்கள்?" என்ற அச்சம் அவர்களுக்கு. இரு தரப்புக்கும் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி என்பது இரண்டாவது முடிவு. யார், யார் முன்னால், எந்த வரிசையில் பேசுகிறார்கள் என்பதே முதல் முடிவு. அதில் தவறினால் மிக நல்ல வினாத்தாளும் நமக்குப் பொய்யைத்தான் நிரப்பித் தரும்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுகிறேன்

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்கவில்லை.

முதலாவதும் கனமானதும் பாதுகாப்பு. இந்த அறையில் ஒருவர் சொன்ன சொல்லுக்காக வீட்டில் அவர் அடி வாங்க நேருமா? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். ஆகவே வந்து அமரும் ஒவ்வொரு தம்பதியிடமும் இது இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, யாருடைய குரல் கேட்கிறது என்பது. மூத்தவர் முன்னால் இளையவர் பேசாத வீடுகள் நம்முடையவை. மூன்றாவது, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம்: சிகிச்சையைத் திட்டமிடவா, முன்னேற்றத்தை அளக்கவா, நீதிமன்றத்துக்கு அறிக்கை தரவா? நான்காவது, மொழியும் வாழ்க்கைமுறையும் பொருந்துகின்றனவா? ஐந்தாவது செலவு. இதில் கட்டணத்தைவிட, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வரும் செலவைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

## அனைவரையும் சேர்த்து அமர்த்திப் பேசுவது

இயல்பாகக் கைக்கு வருவது இதுதான். யார் முதலில் பேசுகிறார், யார் யாரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார், யாருக்கு அருகில் குழந்தை போய் ஒட்டிக்கொள்கிறது என்பவை பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். எந்த வினாத்தாளும் இதைத் தராது.

இதற்கு உதவும் நல்ல கேள்வி முறை ஒன்றை இத்தாலியின் மிலான் நகரக் குடும்பச் சிகிச்சைக் குழுவினர் 1980இல் எழுதி வைத்தார்கள். ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்காமல், மற்ற இருவருக்கிடையில் நடப்பதை மூன்றாமவரிடம் கேட்பது. "உன் அம்மா வருத்தமாக இருந்தால் வீட்டில் முதலில் யாருக்குத் தெரியும்?" என்று பையனிடம் கேளுங்கள். "அப்பாவுக்கும் பாட்டிக்கும் பேச்சு நின்றுபோனால் அம்மா என்ன செய்வார்?" என்று கேளுங்கள். இது நம் மக்களுக்கு மிகவும் பொருந்துகிறது. தன் மனத்தைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள்கூட அடுத்தவர்களுக்கிடையில் நடப்பதைச் சொல்லிவிடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா கைபேசியைக் கீழே வைப்பதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

ஆனால் சேர்ந்து அமரும் சந்திப்பில் கிடைக்கும் அமைதியை நம்பிவிடக் கூடாது. இதை நான் கற்ற விதம் இன்றும் வலிக்கிறது. தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்திருக்கும்போது, "சண்டை வந்தால் கை ஓங்குவது உண்டா?" என்று கேட்டேன். நேர்மையாகக் கேட்பதாகத்தான் நினைத்தேன். மனைவி உடனே "இல்லை" என்றார். கணவர் சிரித்தார். நான் குறிப்பேட்டில் "வன்முறை இல்லை" என்று எழுதினேன். அடுத்த சந்திப்புக்கு அவர்கள் வரவில்லை. பல மாதங்கள் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தார். அன்று வீடு திரும்பியதும், "அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்டார்? முன்னாலேயே போன் செய்து நீ என்ன சொன்னாய்?" என்பதில் தொடங்கிய அடியைப் பற்றிச் சொன்னார். என் கேள்விதான் அந்த அடிக்குக் காரணம். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவர் முன்னிலையில் மற்றவரிடம் நான் கேட்டதில்லை.

## தனித்தனியாகப் பேசுவது

இந்த ஒப்பீட்டில் விட்டுக்கொடுக்கவே முடியாதது என்று நான் கருதுவது இதைத்தான். மற்ற வழிகளை நேரத்துக்கும் தேவைக்கும் ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். தனிச் சந்திப்பைக் குறைக்க முடியாது.

வன்முறையைப் பற்றிக் கேட்க ஹிட்ஸ் என்ற நான்கு கேள்விக் கருவி போதிய தொடக்கத்தைத் தரும். உடலில் காயம் உண்டாக்குவது, இழிவுபடுத்திப் பேசுவது, மிரட்டுவது, கத்தித் திட்டுவது ஆகிய நான்கும் எத்தனை முறை நடக்கின்றன என்று கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் கவனம் தேவை. பாலியல் வற்புறுத்தலைப் பற்றி இந்த நான்கில் ஒரு கேள்வியும் இல்லை என்பதை மறக்காதீர்கள். அதை நாமே மெல்லக் கேட்க வேண்டும். ஆய்வுகளில் அதிகம் பயன்படும் மோதல் உத்திகள் அளவையின் 1996ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் 78 கேள்விகள். நடந்த செயல்களை அது எண்ணும். ஆனால் யார் தற்காப்புக்காகத் தள்ளினார், யார் அச்சுறுத்துவதற்காக அடித்தார் என்பதை அந்த எண்ணிக்கை பிரித்துக் காட்டாது. கையைத் தட்டிவிட்டவரும் கழுத்தைப் பிடித்தவரும் "இருவரும் வன்முறையாளர்கள்" என்று ஒரே கட்டத்தில் விழுந்துவிடுவார்கள். எண்ணை மட்டும் நம்பி அறிக்கை எழுதுபவர்கள் இந்த இடத்தில் பெரும் அநீதி இழைக்க நேரும்.

தனிச் சந்திப்பின் மறைந்திருக்கும் செலவு இரகசியம். மனைவிக்குத் தெரியாத கடன், கணவருக்குத் தெரியாத பழைய உறவு, சாக வேண்டும் என்ற எண்ணம் என எதுவும் அந்த இருபது நிமிடத்தில் நம் மடியில் வந்து விழலாம். பிறகு சேர்ந்து அமரும்போது நாம் பாதி உண்மையைத் தெரிந்தவராக இருப்போம். ஆகவே கதவைச் சாத்துவதற்கு முன்பே விதியைச் சொல்லிவிட வேண்டும். என் விதி இது: பாதுகாப்பைத் தொடும் எதையும் மற்றவரிடம் சொல்ல மாட்டேன். மற்ற இரகசியங்களையும் நான் வெளியிட மாட்டேன். ஆனால் சேர்ந்த சிகிச்சையைப் பொருளற்றதாக்கும் ஒன்று இருந்தால், காரணம் சொல்லாமலே "இப்போது சேர்ந்த சிகிச்சை பொருந்தாது" என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. எந்த இரகசியத்தையும் காக்க முடியாது என்று முதலிலேயே அறிவித்துவிடும் சக உளவியலாளர்களும் இருக்கிறார்கள். அது ஒருவகையில் தெளிவானது. ஆனால் அடிபடும் ஒருவரின் வாயை அது அடைத்துவிடுகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிய வந்தால் நிலைமை வேறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்க நாம் கடமைப்பட்டவர்கள். இந்த எல்லையையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

தனியாகப் பேசிவிட்டு வருபவரிடம் "உள்ளே என்ன சொன்னாய்?" என்று கேட்பார்கள். இதைக் குறைக்க ஒரே வழி, தனிச் சந்திப்பை எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாக்குவதுதான். "எங்களிடம் வரும் ஒவ்வொருவரிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவோம்" என்று வரவேற்பறையிலேயே சொல்லிவிடுங்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கொடுங்கள்.

## வினாத்தாள்கள்

புதிதாக வருபவர்கள் வினாத்தாளைத்தான் முதலில் தேடுகிறார்கள். எண் கிடைத்தால் கையில் ஏதோ உறுதியானது கிடைத்தது போலிருக்கிறது. அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கிரஹாம் ஸ்பேனியர் 1976இல் வெளியிட்ட, தம்பதியின் இணக்கத்தை அளக்கும் டயாடிக் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்கேலில் 32 கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 151 வரை. அவர் அளந்தவர்களில் மணவாழ்வில் இருந்தவர்களின் சராசரி 114.8, மணமுறிவு பெற்றவர்களின் சராசரி 70.7. இந்த எண்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மக்களிடமிருந்து வந்தவை. திருச்சியிலோ தஞ்சாவூரிலோ ஒரு மனைவி 92 எடுத்தால் அது என்ன என்பதை அந்தச் சராசரி நமக்குச் சொல்லிவிடாது.

கேள்விகளுக்குள் போனால் சிக்கல் இன்னும் தெளிவாகும். முப்பத்திரண்டில் பெற்றோர், மாமனார் மாமியார் வீட்டாரைக் கையாள்வது பற்றிய கேள்வி ஒன்றே ஒன்று. என் அறைக்கு வரும் தம்பதியர் பேசுவதில் பாதி அதைப் பற்றித்தான். பஸ்பியும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் இதை 14 கேள்விகளாகச் சுருக்கியபோது அந்த ஒரு கேள்வியும் போய்விட்டது. குடும்பப் பணத்தைக் கையாள்வது பற்றிய கேள்வியும் போய்விட்டது. மாமியாரும் இல்லாத, சம்பளமும் இல்லாத ஒரு திருமணத்தை அந்தச் சுருக்கப் பதிப்பு அளக்கிறது. சுருக்கம் என்பதால் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதைவிட ஆழமான குறை ஒன்று. அந்த 32 கேள்வி அளவையில் ஏறத்தாழப் பாதி "எப்போதும் ஒத்துப்போகிறோம்" என்பதிலிருந்து "எப்போதும் முரண்படுகிறோம்" வரை குறிக்கச் சொல்கிறது. கணவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியே வாழும் பெண் எல்லாவற்றிலும் "எப்போதும் ஒத்துப்போகிறோம்" என்றுதான் குறிப்பார். அவருடைய ஒருமித்த கருத்து மதிப்பெண் உயர்ந்து நிற்கும். பணிந்துபோவதை ஒத்துப்போவதாக எண்ணிக்கொள்ளும் இந்தப் பிழையை மனைவியோடு தனியாகப் பேசினாலொழியக் கண்டுபிடிக்க முடியாது.

நான் கையில் எடுப்பது பெரும்பாலும் ஃபங்க், ரோக் இருவரும் 2007இல் வெளியிட்ட, தம்பதியின் மனநிறைவை அளக்கும் கப்பிள்ஸ் சாட்டிஸ்ஃபாக்ஷன் இண்டெக்ஸ். 32, 16, 4 கேள்விகள் என மூன்று நீளங்களில் இருக்கிறது. கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஸ்பேனியரின் அளவையையோ உரிமம் பெற்ற நிறுவனத்திடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். நான்கு கேள்விப் பதிப்பில் 21க்கு 13.5க்குக் கீழே போனால் மனநிறைவின்மை கவனிக்கத்தக்கது என்பது அதை உருவாக்கியவர்களின் கணக்கு. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டே நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்பதால், சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த நான்கிலும் ஒரு முள் இருக்கிறது. உறவு எவ்வளவு 'ரிவார்டிங்' ஆக இருக்கிறது என்று ஒரு கேள்வி. "பலன் தருகிறதா?" என்று தமிழில் கேட்டால், "பலனுக்காகவா குடும்பம் நடத்துகிறோம்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். "நிறைவு தருகிறதா?" என்றால் அடுத்து வரும் திருப்தி பற்றிய கேள்வியோடு கலந்துவிடுகிறது. அங்கேயே மனத்தில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுவது பலர் செய்யும் தவறு. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, சிலரிடம் வாசிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே ஒரு வினாத்தாள் தமிழ் வினாத்தாள் ஆகும். இந்த உழைப்பு யாருடைய செலவுக் கணக்கிலும் வருவதில்லை. எழுத்து தெரியாதவருக்கு உதவியாளர் வாசித்துக் காட்டும்போது, பதில் உதவியாளரின் முகத்துக்காகவும் சொல்லப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் முழுவதையும் அளக்க மெக்மாஸ்டர் குடும்ப மதிப்பீட்டுக் கருவி (1983) பெயர் பெற்றது. 60 கேள்விகள், ஏழு துணை அளவைகள்; பன்னிரண்டு வயதிலிருந்து நிரப்பலாம். இதில் மதிப்பெண் கூடினால் குடும்பநிலை மோசம் என்று பொருள். மற்ற அளவைகளில் கூடினால் நல்லது என்று பழகிய கண்ணுக்கு இது பொறி. பொதுச் செயல்பாட்டு அளவையில் 2.00ஐ எல்லையாகக் கொள்வது வழக்கம். ஒருமுறை மருமகள் ஒருவர் முதல் கேள்வியிலேயே நின்று, "குடும்பம் என்றால் எது? எங்கள் அம்மா வீடா, இந்த வீடா?" என்று கேட்டார். வினாத்தாள் அதைச் சொல்லவில்லை. அவருடைய அந்தக் கேள்வியே அன்றைய மதிப்பீட்டில் எனக்குக் கிடைத்த முக்கியமான தகவல்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். கணவன் மனைவியின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். நான்கு கேள்விப் பதிப்பில் 17ம் 6ம் சேர்ந்தால் 11.5 என்ற ஒரு தம்பதி கிடைப்பதில்லை. நிம்மதியாக இருக்கும் ஒருவரும் மூச்சுத் திணறும் ஒருவரும்தான் கிடைக்கிறார்கள். இன்னொன்று, வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பல வீடுகளில் மனைவியின் கைபேசி அவருடைய கையில் மட்டும் இருப்பதில்லை. இருவரையும் தனித்தனி அறையில், அல்லது தனித்தனி நேரத்தில் நிரப்பச் சொல்லுங்கள்.

## கண்முன்னே ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்பது

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதியரைத் தங்களுக்குள் தீராத ஒரு பிரச்சினையைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லிப் படம்பிடித்து ஆராய்ந்தார். குணத்தைக் குறை சொல்வது, இகழ்வது, தற்காத்துக்கொண்டே போவது, சுவர் போல மௌனமாவது என்ற நான்கையும் அவர் ஆபத்தான குறிகளாகக் கண்டார். அவற்றில் இகழ்ச்சியே கொடியது என்றார். முகபாவத்தையும் குரலையும் நொடிக்கு நொடி குறிக்கும் அவருடைய முறைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். சாதாரண மருத்துவமனையில் அது நடக்காது. ஆனால் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். "அடுத்த மாதச் சம்பளம் வருகிறது. எதற்கு எவ்வளவு என்று இருவரும் இங்கேயே பேசி முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் இருங்கள்.

எதைக் கேட்க வேண்டும் என்பதில் தமிழ் நமக்கு ஒரு கொடை தருகிறது. இகழ்ச்சி நம் மொழியில் விகுதியிலேயே வெளிப்பட்டுவிடும். "நீங்கள்" என்று தொடங்கியவர் எந்த நிமிடத்தில் "நீ" ஆக்குகிறார்? அருகில் அமர்ந்திருக்கும் துணையை "இந்த ஆள்" என்றும் "அது" என்றும் சுட்டத் தொடங்குவது எப்போது? அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதுமே "வா, போ" என்று பேசிப் பழகிய தம்பதிக்கு அது நெருக்கம். ஆகவே விகுதியைவிட விகுதி மாறும் கணம்தான் தகவல். மௌனத்தையும் அப்படியே அமெரிக்க அளவில் வாசிக்க முடியாது. மாமியார் அறையில் இருக்கும்போது மருமகள் வாய் திறக்காததை மரியாதை என்றே அந்த வீடு கற்றுக்கொடுத்திருக்கும். கணவர் பெயரைச் சொல்லாமல் "பையனின் அப்பா" என்பவர் விலகி நிற்கிறார் என்றும் எழுதிவிடாதீர்கள்.

இதன் செலவு: நம் அறையில் மூட்டிவிட்ட சண்டை பேருந்திலும் வீட்டிலும் தொடரும். வன்முறை இருக்கலாம் என்ற ஐயம் தீராதவரை இதைச் செய்யவே கூடாது.

## குடும்ப வரைபடம்

குடும்பச் சிகிச்சை முன்னோடி முர்ரே போவனின் சிந்தனையில் வேர்கொண்டு, மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் 1985இல் எழுதிய நூலால் பரவிய முறை இது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை, உறவின் தன்மையைக் காட்டும் கோடுகள். ஒரு தாளும் பென்சிலும் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சேர்ந்துகொள்வார். யாரையும் குற்றம் சாட்டாமல், "உங்கள் மாமனாரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று தொடங்கலாம்.

சொந்தத்தில் மணம் முடித்த வீடுகளில் இதற்கு ஈடான கருவி இல்லை. தாய்மாமனை மணந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருடைய மாமியார் அவர் அம்மாவைப் பெற்ற பாட்டி. அவருடைய சொந்த அம்மாவே கணவரின் அக்கா என்பதால் நாத்தனார் முறையும் ஆகிவிடுகிறார். கணவர் மேல் இவர் குறை சொன்னால், கேட்கும் அம்மா தம்பியின் பக்கமா, மகளின் பக்கமா? "கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள்" என்று நாம் சொல்லும் எளிய அறிவுரைக்கு அங்கே வேறொரு வீடே இல்லை. வரைபடத்தில் வளைந்து வந்து அதே வட்டத்தில் முடியும் கோட்டைப் பார்க்கும்போது, அந்தப் பெண் ஏன் பத்து ஆண்டு வாய் திறக்கவில்லை என்பது பேசாமலே புரிந்துவிடும்.

நேரம்தான் இதன் வெளிப்படையான விலை. அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். மறைந்த விலை, தலைமுறைக்குள் புதைத்து வைத்த தற்கொலையோ இரண்டாம் தாரமோ குழந்தைகள் முன்னால் சட்டென்று வெளிவருவது. ஆகவே முதலில் பெரியவர்களோடு வரைந்துவிட்டு, பிறகு குழந்தையைச் சேர்ப்பது நல்லது.

## ஐந்து நிமிடப் பேச்சு

1986இல் மகானாவும் உடன் ஆய்வாளர்களும் அறிமுகப்படுத்திய எளிய முறை. "உங்கள் மகனைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லுங்கள், நான் குறுக்கிட மாட்டேன்" என்பதுதான் கேள்வி. குறை கூறலும் அளவுமீறிய உணர்ச்சி ஈடுபாடும் எவ்வளவு என்பதைப் பேச்சிலிருந்து மதிப்பிடுவார்கள். மனச்சிதைவு நோயுள்ளவரின் வீட்டுச் சூழலை அறிய உருவான ஆய்வு மரபிலிருந்து வந்தது. அந்த மரபில் 1987இல் வெளிவந்த சண்டிகர் ஆய்வில், அங்குள்ள உறவினர்கள் லண்டன் உறவினர்களைவிடக் குறைவாகவே குறை கூறினார்கள். இருபத்தைந்து வயது மகனுக்குத் தாய் சோறு பிசைந்து தருவதை மட்டும் வைத்து "அளவுமீறிய ஈடுபாடு" என்று எழுதும்முன், ஓர் ஊரின் அளவு இன்னோர் ஊருக்குப் பொருந்தாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகக் காட்டுவது | மறைத்துவிடுவது | பின்னால் வரும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| சேர்ந்த சந்திப்பு | அதிகார வரிசை, கூட்டணிகள் | வன்முறை, அச்சம் | இளையவரின் குரல் அமுங்குவது | முதல் இருபது நிமிடம் |
| தனிச் சந்திப்பு | பாதுகாப்பு, இரகசியங்கள் | இருவருக்கிடையே நடப்பது | இரகசியச் சுமை, வீட்டுச் சந்தேகம் | எல்லோருக்கும், விதிவிலக்கின்றி |
| வினாத்தாள் | மாற்றத்தின் அளவு, இருவருக்குமான இடைவெளி | பணிந்துபோதல், மாமியார் வீடு | மொழிபெயர்ப்பு உழைப்பு, உரிமக் கட்டணம் | முன்னேற்றத்தை அளக்க |
| வேலை கொடுத்துப் பார்த்தல் | பேச்சின் போக்கு, இகழ்ச்சி | பழைய வரலாறு | வீடு வரை தொடரும் சண்டை | வன்முறை இல்லை என உறுதியான பின் |
| குடும்ப வரைபடம் | தலைமுறை, சொந்தச் சிக்கல் | இன்றைய அன்றாடம் | நேரம், வெளிவரும் புதைந்த செய்தி | சொந்தத் திருமணம், கூட்டுக் குடும்பம் |
| ஐந்து நிமிடப் பேச்சு | ஒருவர் மற்றவரைப் பார்க்கும் விதம் | எதிர்த்தரப்பு | மதிப்பிடப் பயிற்சி | குழந்தை, நாள்பட்ட நோய் உள்ள வீடு |

## எந்த நிலையில் எது

இருவரும் விரும்பி வந்திருக்கிறார்கள், அச்சம் இல்லை, உறவு வறண்டுவிட்டது என்கிறார்கள் என்றால் கப்பிள்ஸ் சாட்டிஸ்ஃபாக்ஷன் இண்டெக்ஸின் பதினாறு கேள்விப் பதிப்பும், கண்முன்னே கொடுக்கும் பத்து நிமிட வேலையும் சேர்ந்து போதுமான தொடக்கம். நெருக்கடி இல்லாத தம்பதிக்கு, முதலில் சேர்ந்து ஒரு சந்திப்பு, பிறகு தனித்தனியே ஒவ்வொன்று, நான்காவதில் கண்டதைப் பகிர்வது என்ற ஒருங்கிணைந்த நடத்தைத் தம்பதிச் சிகிச்சையின் வரிசையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தனிச் சந்திப்பில் வன்முறை தெரிந்துவிட்டால் மற்ற மதிப்பீடுகளை நிறுத்திவிடுங்கள். அவர் பாதுகாப்பாக வீடு திரும்ப முடியுமா, போக வேறு இடம் உண்டா, 181 மகளிர் உதவி எண்ணும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் அவருக்குத் தெரியுமா என்பவைதான் அன்றைய கேள்விகள். எழுதிக் கொடுக்கும் தாளைக் கைப்பையில் வைத்துப் போனால் ஆபத்தா என்றும் கேட்டுவிடுங்கள்.

கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்து காணொளியில் வருகிறார் என்றால், இந்தப் பக்கம் மனைவியின் அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். "ஆம்", "இல்லை" என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள்.

நீதிமன்றத்துக்கான மதிப்பீடு முற்றிலும் வேறு வேலை. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984 வல்லுநர் உதவியைப் பெற இடம் தருகிறது. அப்படி அழைக்கப்பட்டால், சொல்வது அறிக்கையில் இடம்பெறும் என்பதை இருவருக்கும் தெளிவாகச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சிகிச்சை தருபவரே அந்த அறிக்கையையும் எழுதுவதை நான் ஏற்கவில்லை. மனம் திறந்து அழுதவருக்கு எதிராக அந்த அழுகையே சான்றாக வந்து நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

அந்த இளம் உளவியலாளரின் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு நான் சொன்ன பதில் இது. முதல் பத்து நிமிடம் நால்வரையும் சேர்த்து. பாட்டிக்கு முதலில் பேச இடம் கொடுங்கள். அவருடைய கவலையும் உண்மையானதுதான். பிறகு பையனோடு எட்டு நிமிடம் படம் வரைந்துகொண்டே பேசுங்கள். அம்மாவோடு பன்னிரண்டு நிமிடம், அப்பாவோடு பன்னிரண்டு நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு. மீதி மூன்று நிமிடத்தில் எல்லோரையும் அழைத்து அடுத்த தேதியைச் சொல்லுங்கள். வினாத்தாளை அன்று எடுக்க வேண்டாம். வரைபடம் அடுத்த வாரம். அன்று பாட்டியும் வரலாமா என்பதை மருமகளிடம் தனியாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர் "வேண்டாம்" என்றால், அதை உங்கள் முடிவாக நீங்களே பாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.